கரைக்கு வராத கப்பல்கள்

முதல் நாள்: கன்னியாகுமரி, வட்டக்கோட்டை

தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்சி ஆபீஸில் எனக்கு வேலை. பதினாறு வருடமாகக் கண்டெய்னர் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு எழுத்து, ஏழு இலக்கம். கினியா பிசாவ் மாதிரி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் முந்திரிக்கொட்டைதான் என் கையில் அதிகம் புழங்கும் சரக்கு. அதில் நிறைய குமரி மாவட்டத்துக்குப் போகும். கருங்கல், மார்த்தாண்டம், புதுக்கடை என்று ஊர்ப்பெயர்களை எழுதி எழுதிப் பழக்கமே தவிர, அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. நாகர்கோவிலில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியதோடு சரி.

ரொம்ப நாளாக ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாவட்டத்துக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. அப்படியிருக்க, அவர்கள் சரக்கு எங்கள் ஊரில் இறங்கி லாரி ஏறிப் போவானேன்? ஜூன் முதல் வாரம் நாலு நாள் லீவு கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்துவிட்டதால் வீட்டில் யாரும் கூட வரவில்லை. சரி, கரையோரமாகவே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் அத்தனையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. தடைக்காலம். இந்த மாவட்டத்துக்குத் தடைக்காலமே இரண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நான் போனது இரண்டும் சேர்ந்து நடக்கிற இரண்டு வாரத்தில். மீன் சாப்பிடுவதற்கு மோசமான நேரம், கடலைப் பார்ப்பதற்கு நல்ல நேரம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டது. முனையில் நிற்க முடியவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுமார் 2000 வருடத்துக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் குமரி வருகிறது. முனையும் உண்டு, துறையும் உண்டு. மீதி வாழ்நாளை நோன்பில் கழிக்க நினைக்கிற ஆண்களும் பெண்களும் வந்து நீராடுகிறார்கள். முன்னொரு காலத்தில் ஒரு தேவி இங்கே தங்கி நீராடினாளாம் என்கிறது. மலபார் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது மிளகு, முத்து, பொன் என்று சரக்குப் பட்டியலே போடுகிற ஆள், குமரிக்கு வந்ததும் வியாபாரத்தை மறந்து சாமியைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு அது அப்போதே சந்தேகமாக இருந்தது. துறை என்றால் சரக்கு எங்கே?

பகவதி அம்மன் கோயிலின் கிழக்கு வாசல் வருடத்தில் சில நாட்கள்தான் திறக்கும். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் மூடிவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதில் வேறொன்று தோன்றியது. பாறையில் மோதிய மாலுமி முதலாளியிடம் போய்ச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே! எங்கள் ஆபீஸுக்கு வருகிற சேதார ரிப்போர்ட்டுகளில் இதைவிடப் பலவீனமான காரணங்களைப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் வட்டக்கோட்டை. கருங்கல் கோட்டை, ஒரு பக்கம் கடலுக்குள்ளேயே கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்காக இதைத் திருத்திக் கட்டியவர் தெ லானோய் என்ற ஐரோப்பியர். அவரைப் பற்றிக் குளச்சலில் எழுதுகிறேன். மதில்மேல் நின்று பார்த்தால் கிழக்கே காற்றாலைகள், தெற்கே வெறும் தண்ணீர். கப்பல்கள் போகிறதே தவிர ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கொழும்புக்குப் போகிறவையாக இருக்கும்.

இரண்டாம் நாள்: மணக்குடி, கோட்டாறு

விடிந்ததிலிருந்து மழை. மணக்குடிக் காயலை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பழையாறு கடலில் சேரும் இடம் இது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. இப்போது இருப்பது பிறகு கட்டியது. பக்கத்து சீட்டு அம்மா பாலத்தில் ஏறியதும் சிலுவை போட்டுக்கொண்டார். இறங்கியதும் இன்னொரு முறை.

மதியம் மாமாவோடு கோட்டாறு கம்போளம். இங்கே சந்தை என்று சொல்வதில்லை, கம்போளம்தான். கருப்பட்டி, மிளகு, கொப்பரை, கருவாடு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் ஒரே தெருவில் மணக்கின்றன. பழைய கிரேக்கப் புவியியல்காரர் தாலமி தன் நூலில் ஆய் நாட்டில் கொட்டியாரா என்றொரு நகரத்தைக் குறிப்பிடுகிறார். அது இந்தக் கோட்டாறுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். கப்பல் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டுக்காரனுக்கு எதற்கு இந்த ஊர்ப்பெயர் தெரிந்திருக்க வேண்டும்?

மாமா கடைத் திண்ணையில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு விளக்கினார். "மருமவனே, கடலுக்குத் துறை இல்லைன்னா என்ன, மலைக்கு வாசல் இருந்துச்சுல்லா?"

ஆரல்வாய்மொழியைச் சொல்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஒரு கணவாய். நெல்லைச் சீமையிலிருந்து துணியும் தானியமும் மாட்டு வண்டியில் அந்த வழியாக வரும். மலைநாட்டு மிளகும் தேங்காயும் அந்த வழியாகவே போகும். இரண்டும் சந்திக்கிற இடம் கோட்டாறு. கப்பலுக்குப் போகிற சரக்கும் இங்கே சேர்ந்துதான் கரைக்கு இறங்கியாக வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், கண்டெய்னர் யார்டு ஊருக்குள், கப்பல் வந்து நிற்கிற பெர்த் மட்டும் கடலில். ஆனால் அந்த பெர்த்தைத்தான் இன்னும் காணவில்லை.

சாயங்காலம் மாமி மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன் குழம்போடு வைத்தார். கட்டுமரக்காரர்களுக்குத் தடை கிடையாது என்பதால் சாளை கிடைத்திருந்தது. கிழங்கும் கடல் வழியாக வந்ததுதான். தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஜனங்களைச் சாப்பிடப் பழக்கினார். மாமியிடம் சொன்னேன். "யாரு கொண்டு வந்தா என்ன, அவிச்சது நானு" என்றார்.

மூன்றாம் நாள்: குளச்சல், மணவாளக்குறிச்சி

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

குளச்சல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது வெற்றித்தூண். இரும்பு வேலிக்குள் ஒரு கல் தூண், பக்கத்திலேயே வலை காய்கிறது. தூணுக்கு அப்பால் கடல். அலைக்கு அப்பால், கரையிலிருந்து தள்ளி, கறுப்புப் பாறைகள். பாறைமேல் அலை ஏறி இறங்கும்போது ஒரு நொடி வெள்ளை விரிப்பு மாதிரி தெரிந்து காணாமல் போகிறது.

படகு நிழலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். கிழிந்த கண்ணியை இடது கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, வலது கையில் ஊசி. பேச்சு நடக்கும்போதும் கை நிற்கவில்லை.

"எங்கேருந்து மக்ளே?"

"தூத்துக்குடி தாத்தா. துறைமுகத்துல வேலை."

"துறைமுகமா?" சிரித்தார். "எங்களுக்கும் இருந்துச்சே, இதுதான்." ஊசியால் கடலைக் காட்டினார்.

அவருடைய தாத்தா காலத்தில் கப்பல்கள் அந்தப் பாறைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்குமாம். ஆழமான துறை கிடையாது. கப்பலைக் கட்டி நிறுத்த ஒரு பாலமோ மேடையோ கிடையாது. கயிற்றுக் கட்டுகளும் கொப்பரை மூட்டைகளும் வள்ளத்தில்தான் போகும். கரையில் ஆட்கள் மார்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று பெரிய அலை வந்துபோனதும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் தள்ளிவிட வேண்டும். தப்பினால் அடுத்த அலை வள்ளத்தைப் புரட்டி மூட்டையோடு கரையில் அடிக்கும்.

"நனைஞ்ச மூட்டைக்குக் கூலி இல்ல கேட்டியா. தாத்தா சொல்லும். கப்பலு கரைக்கு வராது மக்ளே. கரைதான் கப்பலுக்குப் போணும்."

என் கேள்விக்கு அவர் வாயிலிருந்து பதில் கிடைத்துவிட்டது. எங்கள் ஊரில் கிரேன் செய்கிற வேலையை இந்த ஊரில் தோள் செய்திருக்கிறது. அதுவும் ஆறேழு மாதம்தான். நான் பார்த்துக்கொண்டிருந்த ஜூன் கடலில் வள்ளம் என்ன, தக்கை கூட வெளியே போகாது. இந்தக் கரையில் கச்சான் மாதங்களில் கப்பல் வியாபாரத்துக்குக் கதவு சாத்தித்தான் இருந்திருக்கும்.

இதை நேரில் பார்த்த பிறகுதான் 1741 சண்டை எனக்குப் புரிந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு வேண்டும், அதுவும் தான் சொன்ன விலைக்கு, தனக்கு மட்டும். திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா பக்கத்து நாடுகளைச் சேர்த்துக்கொண்டே வர, மிளகு அவர் கைக்குப் போய்விடும் என்று பயம். படையைக் கொண்டுவந்து குளச்சலில் இறக்கிக் கரையில் ஒரு காவல் அரண் கட்டிக்கொண்டார்கள். மகாராஜாவின் படை சுற்றி வளைத்தது. ஜாவாவில் கம்பெனிக்கு அப்போது வேறு பெரிய சண்டை, அங்கிருந்து உதவி வரவில்லை. ஆகஸ்டு முதல் வாரம் ஒரு குண்டு உள்ளே இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. பற்றிய தீயில் அரிசிக் கிடங்கு முழுக்க எரிந்துபோனது. சோறு போனதும் சரணடைந்தார்கள். ஆசிய அரசு ஒன்று ஐரோப்பியக் கம்பெனியைத் தோற்கடித்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் என் கணக்கில் இந்தக் கடலுக்கும் பாதிப் பங்கு உண்டு. முன்னால் பீரங்கி, முதுகுக்குப் பின்னால் இந்த அலை. ஜூனிலும் ஜூலையிலும் எவன் வந்து அரிசி மூட்டை இறக்குவான்?

பெரியவரிடம் இதைச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. ஊரில் சொல்கிற கதையைச் சொன்னார். மகாராஜாவிடம் துப்பாக்கி குறைவு. மீனவர்கள் ராத்திரி துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசை வரிசையாக நின்றார்களாம். கப்பலில் இருந்தவனுக்குத் தூரத்தில் அது பெரிய துப்பாக்கிப் படையாகத் தெரிந்ததாம். "துடுப்பைக் கண்டு பயந்து போனவனாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டார். கதை நடந்ததோ இல்லையோ, சண்டைக்கு நடுவில் தங்கள் துடுப்பை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

2004 அலையில் குளச்சலில் பட்ட அடியைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் மணவாளக்குறிச்சி. குளச்சலிலிருந்து கொஞ்ச தூரம்தான். கரை மணல் இங்கே நிறம் மாறிவிடுகிறது. ஒரு கைப்பிடி அள்ளினேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். சாய்த்துப் பிடித்தால் கறுப்பும் சிவப்பும் பட்டை பட்டையாகப் பிரிகிறது, நடுவில் மஞ்சளாக ஒன்றிரண்டு பொடி. அந்த மஞ்சள் மோனசைட். அதில் தோரியம் இருக்கிறது. இந்த மணலை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கப்பல் சரக்கு.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் காஸ் விளக்குக்கு மேண்டில், அதாவது ஒளிவிடுகிற வலை, செய்யத் தோரியம் வேண்டும். நம் பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் அதே சங்கதிதான். மேண்டில்காரர்கள் பிரேசில் மணலைத் தேடி ஓடிக்கொண்டிருந்த நேரம். இவர் கயிறு எங்கிருந்து வந்தது என்று பிடித்துக்கொண்டு இந்தக் கரைக்கே வந்து சேர்ந்தார். மணல் பிரிக்கும் தொழில் இங்கே தொடங்கிவிட்டது. இப்போது நடப்பது 1950இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம்.

எனக்கு அந்தக் கயிற்றுக் கட்டுதான் மனதில் நிற்கிறது. நல்ல துறைமுகம் இருந்திருந்தால் கட்டு கிடங்கிலிருந்து நேராகக் கப்பலுக்குப் போயிருக்கும், மணல் ஒட்டியிருக்காது. வெறும் கரையில் போட்டு உருட்டி, ஈரக் கையால் தூக்கி வள்ளத்தில் ஏற்றியதால்தானே ஒட்டியது! இது என் ஊகம்தான். ஆனால் சரக்கில் மண் கலந்திருக்கிறது என்று இன்று யாராவது புகார் எழுதினால் எங்கள் மேனேஜர் என்ன பாடு படுத்துவார் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டம் கலங்கரை விளக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

நான்காம் நாள்: உதயகிரி, தேங்காய்ப்பட்டணம், கருங்கல்

புலியூர்க்குறிச்சியில் ரோட்டோரமே உதயகிரிக் கோட்டை. ஊரில் தில்லாணைக் கோட்டை என்பார்கள். தெ லானோய் என்ற பெயர் ஜனங்கள் நாக்கில் தேய்ந்து தேய்ந்து தில்லாணை ஆகிவிட்டது. குளச்சலில் பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர். மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார். படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, பீரங்கி வார்த்து, கோட்டைகளைத் திருத்திக் கட்டி, கடைசியில் வலிய கப்பித்தான், அதாவது பெரிய படைத்தலைவர் ஆனார். 1777இல் இங்கேயே இறந்தார். கூரை இல்லாத சிறிய தேவாலயத்துக்குள் அவருடைய கல்லறை. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய 37 வருடம் மன்னருக்கு விசுவாசமாகச் சேவை செய்தார் என்கிறது வாசகம். தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பழைய எழுத்து, பாதிதான் படிக்க முடிந்தது. மிளகு எடுக்க வந்து இறங்கியவர், திரும்பக் கப்பல் ஏறவே இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனையில் கூட்டம். கைடு எல்லாரையும் மூலிகைக் கட்டில் பக்கம் இழுத்துக்கொண்டு போக, நான் சீன ஜாடிகள் பக்கம் நின்றுவிட்டேன். ஊறுகாய் போடுகிற ஜாடிகள்தான், ஆனால் இடுப்பு உயரம். சீன வியாபாரிகள் கொடுத்தவை என்கிறார்கள். ஓட்டைப் பல்லக்கு மாதிரி ஆடுகிற ஒரு வள்ளத்தில் இதை உடையாமல் கரை சேர்த்தவன் யாரோ.

மத்தியானம் தேங்காய்ப்பட்டணம். குழித்துறை ஆறு கடலில் கலக்கும் இடம். அரபு வியாபாரிகள் வந்து தங்கிய பழைய ஊர். இங்கே உள்ள பழைய பள்ளிவாசலுக்கு, மேற்குக் கரைக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் மாலிக் இப்னு தீனார் பெயரோடு சேர்த்து ஒரு மரபு உண்டு. பேரே தேங்காய்ப்பட்டணம். பட்டணம் என்றால் துறை. தேங்காய் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நான் தேடிப் போனது ஒரு கால்வாயை. ஏ.வி.எம். கால்வாய். முதல் எழுத்து அனந்த பத்மநாபனுக்கு, இரண்டாவது விக்டோரியா ராணிக்கு, மூன்றாவது மார்த்தாண்டவர்மாவுக்கு. இவர் குளச்சல் மார்த்தாண்ட வர்மா அல்ல, பின்னால் வந்த உத்திரம் திருநாள். 1860இல் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரம் பக்கமிருந்து கன்னியாகுமரி வரை கடலுக்கு இணையாக, கடலுக்குள் இறங்காமலே வள்ளம் போக வேண்டும் என்பது திட்டம். மண்டைக்காடு வரை வந்ததோடு நின்றுபோயிற்று. இன்று பல இடத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, சில இடத்தில் வீடே வந்துவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தபோது ஒரு பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர், இன்னொரு பக்கம் தென்னைக்கு அப்பால் கடல் இரைச்சல். இத்தனை செலவு செய்து கடலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தண்ணீர்ப் பாதை வெட்ட நினைத்தார்கள் என்றால், இந்த அலையிடம் எவ்வளவு பட்டிருக்க வேண்டும்!

அடுத்தது இனயம். 2016இல் இங்கே கப்பலிலிருந்து கப்பலுக்குக் கண்டெய்னர் மாற்றுகிற பெரிய சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் கொடுத்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். பிறகு கன்னியாகுமரி பக்கத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவில் என்றார்கள். அங்கேயும் கறுப்புக் கொடி. அலைத்தடுப்புச் சுவர் ஒன்று போட்டால் பக்கத்து ஊர்க் கரையைக் கடல் தின்னும், தொழில் செய்கிற கடலில் கப்பல் வந்து நிற்கும் என்பது அவர்கள் வாதம். சரக்குப் பெட்டியில்தான் என் சம்பளமே வருகிறது. எனக்குத் துறைமுகம் என்றால் இனிப்பு. ஆனாலும் நேற்று குளச்சலில் அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகு, எதிர்த்தவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஆபீஸில் பேசுகிற மாதிரி என்னால் பேச முடியாது. இந்தக் கரையின் அலை விவரம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அதற்குள் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞம் கண்டெய்னர் துறைமுகம் 2025 மே மாதம் திறந்தாயிற்று. இனயத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

ஐந்து மணிக்குக் கருங்கல் வந்து நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றேன். பத்து வருடத்துக்கு மேல் கன்சைனி, அதாவது சரக்கைப் பெறுகிறவர் விலாசமாக எழுதிய ஊர். அண்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முந்திரி ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். கொட்டை ஓட்டின் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. ஒரு அக்கா என் பக்கத்தில் நின்று சில்லறை எண்ணும்போதுதான் கவனித்தேன். கைரேகையே தெரியாத கறுப்பு.

மழை வலுத்தது. எதிரே இருந்த சாயாக் கடைக்கு ஓடினேன். படியில் சகதி சேராமல் இருக்கச் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்கள். அதில் மங்கிய பச்சை மையில் எழுத்து. குனிந்து பார்த்தேன்: கினியா பிசாவ், 80 கிலோ, கீழே ஒரு லாட் நம்பர்.

"காலைத் துடைச்சிட்டு வாருங்க அண்ணாச்சி, உள்ள வழுக்கும்" என்றார் கடைக்காரர்.

துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு சாயா சொன்னேன்.